கிராணியாரின் குடல் திட்டம்

இன்னும் பத்து ஆண்டுகளில் உலகத்தில் தொந்தி என்பதே இருக்காது. டாக்டர்களின் கத்தி அதை அடியோடு ஒழித்துவிடும். மலாயாவில் ஒழிக்கப்படும் முதல் தொந்தி தம்முடையதாகவே இருக்கும். கோலா சாவாவுக்கு உட்புறமிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தின் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, குலசேகரம், 1956ஆம் ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலை ஆபீசில் இதை அறிவித்தார். கேட்டுக்கொண்டிருந்தவை இரண்டு: தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் இராஜமாணிக்கம், சுவர்க்கடிகாரம். இரண்டும் மறுத்துப் பேசவில்லை.

அறிவிப்புக்குக் காரணம் முந்தைய நாள். மலாயாவில் வெள்ளைக்கார சர்க்கார் அவசரகாலம் அறிவித்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. காட்டிலிருந்து கம்யூனிஸ்டுகள் வந்து சுட்டால் ஆபீஸ் குடும்பங்கள் ஒளிந்துகொள்ள, மணல்மூட்டைகளை அடுக்கி ஒரு பதுங்கறை கட்டியிருந்தார்கள். வாசல் இரண்டடி அகலம். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குச் சங்கு ஊதியது. கிராணியார் பொறுப்புள்ள அதிகாரி. முதல் ஆளாக ஓடினார். ஓடிய வேகத்தில் பாதி உள்ளே போனார். மீதிப் பாதி வெளியே நின்றது. அதற்குப் பின்னால் அவர் மனைவி பராசக்தி நின்றார். தோட்டக் காவலுக்கிருந்த மூன்று கான்ஸ்டபிள்கள் சேர்ந்து கிராணியாரை இழுத்தெடுக்கப் பதினொரு நிமிடம் பிடித்தது. ஒத்திகை என்பதால் பராசக்தியைச் சுட யாரும் வரவில்லை.

"உண்மையா வந்திருந்தால் நான் எங்கை நிக்கிறது?" என்று வீட்டில் ஒரே ஒரு முறை கேட்டார் பராசக்தி.

ஆகவேதான் திங்கட்கிழமை, துரை பங்களாவிலிருந்து கழித்துவிடப்பட்ட அமெரிக்கப் பத்திரிகை ஒன்று மேசைக்கு வந்தது.

"பாரும் காணும். குடலைச் சுருக்கிறாங்கள். எல்லாம் சாப்பிடலாம், ஒண்டும் உடம்பிலை ஒட்டாது. செரம்பான் பெரிய டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதும்."

"நாலு வருசமா நான் சொல்றதை ஒரு வாரம் செஞ்சு பாக்கலாமே, கிராணியாரே. சோத்துல பாதி, சீனி வேணாம், தெனம் நடை..."

"நடையோ? இந்தச் சனம் மாதிரியோ?"

ஜன்னலுக்கு வெளியே முள்வேலி வாசலில் பால்மரம் வெட்டுகிறவர்கள், அதாவது ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பாலெடுப்பவர்கள், கைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். காட்டிலிருப்பவர்களுக்கு அரிசி போய்விடக்கூடாது என்று ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விட்டார்கள். வேலைக்கு ஒரு பருக்கைச் சோறுகூடக் கொண்டுபோக முடியாது. போத்தலில் சீனியில்லாத தேத்தண்ணிக்கு மட்டும் அனுமதி. கிராணியார் இதற்கு 'சர்க்கார் பத்தியம்' என்று பெயர் வைத்து, துரை உட்பட எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருந்தார்.

"கையைத் தூக்கிக்கொண்டு, வெறும் தேத்தண்ணியோடை நாலு மைல்! நான் லொறியிலை போறவன் காணும்."

டிரெசர் பத்திரிகையை நிதானமாகப் படித்து முடித்தார்.

"ரெண்டு வழி இருக்குங்க. ஒன்னு இதுல போட்டிருக்கிறது. குடல்ல பெரும்பகுதியை ஒதுக்கிட்டு, மேலயும் கீழயும் மிச்சம் இருக்கிறதைச் சேத்துத் தைக்கிறது. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்காங்க. இன்னொன்னு, இரைப்பையிலயே பாதிக்கு மேல எடுத்துடறது. அது வயித்துப் புண்ணுக்குச் செய்யறது. செஞ்சவங்க மெலிஞ்சதை நானே செரம்பான்ல பாத்திருக்கேன்."

"நல்லதுதானே?"

"நல்லதுதான். பாரம் எறங்கும். முட்டி வலி கொறையும், மூச்சு வாங்காது. ஒங்க சக்கரைகூட எறங்கலாம்."

கிராணியார் கடிகாரத்தைப் பார்த்து வெற்றிப் புன்னகை செய்தார்.

"இப்ப கெட்டதைச் சொல்லவா? பெருத்த ஒடம்புக்கு மயக்க மருந்து ஆபத்து. எந்திரிக்காமலே போயிடலாம். கால்ல ரத்தம் கட்டி நெஞ்சுக்கு ஏறலாம். உள்தையல் விட்டா சீழ். மரத்துல கத்தி ஆழமாப் பட்டா வெட்டினவங்களைப் போட்டுத் திட்டுறீங்களே, இதுல யாரைத் திட்டுவீங்க? குடலை ஒதுக்கிப் பொழைச்சு வந்தா, நாளைக்கு எட்டுப் பத்துத் தடவை கக்கூஸ். அது வீட்டுக்குப் பின்னால கொல்லையில இருக்கு. ராத்திரி ஊரடங்கு வேற லா. சத்து ஒட்டாம எலும்பு தேயலாம்."

"இரைப்பையை எடுத்தால்?"

"ஆயுசுக்கும் கொஞ்சமாத்தான் சாப்பிடணும்."

"எவ்வளவு?"

"அரைக் கோப்பை சோறு."

"சீனி?"

"ஆகாது. தலை சுத்தும்."

"நடை?"

"தெனம் நடந்தாத்தான் மெலிஞ்சது நிக்கும்."

கிராணியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதைத்தானே நீர் வெட்டாமலே சொல்லுறீர்!"

"ஆமாங்க. கத்தி இல்லாம சொன்னதால காதுல ஏறலை போல." டிரெசர் பத்திரிகையை மடித்து வைத்தார். "ஆபரேசனைக் கேலி பண்ணலைங்க. எல்லாம் செஞ்சு பாத்தும் எறங்காத ஆளுக்கு நாளைக்கு அது உசிரைக் காப்பாத்தலாம். நீங்கதான் இன்னும் ஒன்னுமே செஞ்சு பாக்கலையே."

"நீர் பயந்தாங்கொள்ளி. கடிதத்தை எழுதும்!"

கடிதம் எழுதப்பட்டு, கிராணியாரின் கையெழுத்துக்காக மேசைமேல் இருந்தது.

அன்று மாலை அவர் ஆபீஸ் இரண்டடிக் கோலோடு தனியாகப் பதுங்கறைக்குப் போனார். வாசலை அளந்தார். பிறகு தம்மை அளந்தார். கோல் முடிந்த பிறகும் அவர் முடியவில்லை. பக்கவாட்டாக முயன்றார், பக்கவாட்டில் இன்னும் மோசம். திரும்பியபோது பராசக்தி நின்றுகொண்டிருந்தார்.

"அடுத்த முறை நீர் முதல் போம்," என்றார் கிராணியார்.

"போய்? உங்களைச் சுடுறதை உள்ளை இருந்து பாக்கவோ?"

அந்த இரவு பராசக்தி போட்ட சோற்றில் பாதியை அவர் சட்டியிலேயே திருப்பிக் கொட்டினார். உப்பு கூடிவிட்டது என்றார். சோற்றில் பராசக்தி உப்பே போடுவதில்லை.

வியாழக்கிழமை காலை வாசல் வரிசையில் நின்ற பால்மரம் வெட்டும் வள்ளியம்மா பின்னால் திரும்பிப் பார்த்தார். கைகள் இரண்டையும் தூக்கிக்கொண்டு, இடுப்பில் ஒரு போத்தலோடு பெரிய கிராணி நின்றுகொண்டிருந்தார். புதிதாக வந்த கான்ஸ்டபிள் அவர் வயிற்றைத் தட்டி, உள்ளே என்ன என்று மலாயில் கேட்டான். தம்முடையதுதான் என்று அவரும் மலாயிலேயே பதில் சொன்னார். இரண்டாவது முறை தட்டிப் பார்த்த பிறகே அவன் நம்பினான்.

"என்னங்க கிராணியாரே, லோரி கெட்டுப்போச்சா?" என்றார் வள்ளியம்மா.

"ஓம். கெட்டுப்போச்சு."

லோரி அவர்களைத் தாண்டிப் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. அவர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு, தோட்டத்தின் இரண்டாம் டிவிசனை நோக்கி நடந்தார்.