கையில துணி இருக்கு

மூன்று மாதிரிப் பலகைகளையும் கட்டிலின் மேல் வரிசையாக வைத்து, "வாயைத் திறக்க வேண்டாம். விரலால தொட்டுக் காட்டுங்க, போதும்" என்றாள்.

ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். முதல் பலகையில் அரக்கு மெருகு, அவள் கையால் போட்டது. அடுத்ததில் மெஷினால் அடித்த லாக்கர் பூச்சு. மூன்றாவதில் வெறும் ஆளிவிதை எண்ணெய். கணவர் கண்ணைத் திறந்து மூன்றையும் பார்த்தார். போர்வைக்குள்ளிருந்து கை வெளியே வருவதற்குள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. விரல் மூன்றாவது பலகையில் போய் உட்கார்ந்தது.

"எண்ணெயா? மறுபடியும் எண்ணெயா?"

அவர் விரலை எடுக்கவில்லை.

பதினாறு நாளாக இதே பாட்டு. அவர் செய்த கடைசி கிட்டார் பட்டறை மேஜையில் கம்பி கட்டாமல், பூச்சு ஏறாமல், வெறும் மரமாகக் கிடந்தது. யாரும் சொல்லிச் செய்ததில்லை. டாக்டர் கையை விரித்த வாரம், பத்து வருஷமாகப் பரணில் பொத்தி வைத்திருந்த பலகையை இறக்கி, மூச்சு வாங்க வாங்கச் செய்து முடித்துவிட்டுத்தான் படுத்தார். பாக்கி இருந்தது பூச்சு மட்டும். அது முப்பத்தொரு வருஷமாக அவள் வேலை. அறுப்பது, வளைப்பது, ஒட்டுவது அவர். மெருகு அவள். "என் கை ரம்பத்துக்குப் பொறந்த கை, துணி பிடிக்க வராது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவரேதான் சொல்வார். இப்போது படுத்துக்கொண்டு, "இதுக்கு எண்ணெய் போதும்" என்றால் என்ன அர்த்தம்?

"எண்ணெய் கதவுக் கீலுக்குப் போடறது" என்றாள். "மேல்பலகை எண்ணெயைக் குடிச்சா சத்தம் அமுங்கிப் போயிடும்னு சொன்னது யாரு? எண்ணெய் பூசறவனையெல்லாம் சோம்பேறிப் பயன்னு திட்டினது யாரு? நீங்கதானே? எங்க வேணா நிறுத்தலாம், எப்ப வேணா தொடரலாம், கண்ணைக் கட்டிக்கிட்டுக்கூடப் பூசலாம். அதெல்லாம் ஒரு வேலையா? என் கையில என்ன குறை கண்டீங்க, அதையாவது சொல்லித் தொலைங்களேன்."

அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்லா இருந்த காலத்திலேயே அப்படித்தான். பதில் பிடிக்காத கேள்வி வந்தால் சுவர் அழகாகிவிடும் அவருக்கு.

பலகைகளை வாரிக்கொண்டு பட்டறைக்குப் போனாள். அலமாரியில் அவற்றை வைத்த சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். ஆத்திரத்துக்கு ஏதாவது செய்தாக வேண்டும். பழைய துணிகளைத் தொட்டியில் போட்டுக் கசக்கினாள். பல்பு வேறு மங்கலாக எரிந்தது. இந்த ஒரு வருஷத்தில் மூன்று தடவை மாற்றச் சொல்லி மூன்று தடவையும் மாற்றித் தந்தார். எந்தக் கடையில்தான் வாங்கித் தொலைத்தாரோ, ஒன்றும் உருப்படியில்லை.

"அம்மா, அப்பா கூப்பிடறார்" என்று மகன் கூடத்திலிருந்து குரல் கொடுத்தான்.

"கையில துணி இருக்கு!" என்றாள்.

அந்த வீட்டில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. அரக்கு மெருகு அப்படிப்பட்டது. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை ஒரு துணிப் பொட்டலத்தில் நனைத்து, மரத்தின் மேல் வட்டம் வட்டமாக ஓட்ட வேண்டும். ஓடுகிற பொட்டலம் நிற்கவே கூடாது. ஒரு நொடி நின்றால் அடியில் இருக்கிற பூச்சு ஒட்டிக்கொண்டு உரியும், வடு விழும். அதனால் பால்காரர் கத்தினாலும், பள்ளிக்கூடத்திலிருந்து மகன் முழங்காலில் ரத்தத்தோடு வந்து நின்றாலும், "கையில துணி இருக்கு" என்றால் எல்லோரும் காத்திருப்பார்கள். முப்பத்தொரு வருஷத்துச் சட்டம்.

கையில் துணி இருந்தது உண்மைதான். கசக்குகிற துணி.

இரண்டாவது தடவை யாரும் கூப்பிடவில்லை. துணிகளைப் பிழிந்து, உதறி, கொடியில் போட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அவள் உள்ளே வந்தபோது மகன் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். அவர் முகம் சுவர்ப் பக்கம் இல்லை. வாசல் பக்கம் திரும்பியிருந்தது.

மணி எட்டேகால்.

ஒன்பது மணிக்கு நாத்தனார் வந்துவிட்டாள். அவருக்கு மூத்தவள். எந்த வீட்டில் சாவு என்றாலும் முதலில் நாற்காலியை எண்ணுகிறவள். தம்பி வீட்டிலும் எண்ணினாள். "இருபது போதாது, முப்பது சொல்லு" என்று மகனை விரட்டினாள். பிறகு தம்பியின் காலடியில் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதுவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"கடைசி நேரத்துல பக்கத்துல இருந்தியா?"

"இல்லக்கா."

"அய்யோ. எங்கே போயிருந்தே?"

"பட்டறையில இருந்தேன்."

"கையில துணி இருந்திருக்கும், பாவம்" என்று நாத்தனாரே பக்கத்தில் இருந்தவளிடம் விளக்கம் சொன்னாள். "நடுவுல விட முடியாதும்மா அந்த வேலை."

அதைவிட ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம். எதற்குக் கூப்பிட்டார் என்று மகனிடம் கேட்க வேண்டும். காலையிலிருந்து அவன் நாலு தடவை பக்கத்தில் வந்துவிட்டான், நாலு தடவையும் அவளுக்கு வாய் வரவில்லை. பதினாறு நாளாகக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தான் கூப்பிட்டாரோ என்னவோ. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனவரோடு இனி யார் போய்ப் பேசுவது? வாயைத் திறக்காமலே ஜெயித்துவிட்டுப் படுத்திருந்தார், தலை வாரி, சட்டைப் பொத்தானெல்லாம் போட்டு, நல்ல பிள்ளையாக.

பதினோரு மணிக்கு பஸ் டிரைவர் வந்தார். காக்கிச் சட்டையோடு, டியூட்டிக்கு நடுவில். போன வருஷம் இங்கே ஒரு கிட்டார் வாங்கியவர். கணவரின் கால்மாட்டில் கும்பிட்டுவிட்டு, அவள் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"நல்ல மனுஷன்மா. என் கிட்டாரை எடுக்க வந்த அன்னிக்குக் காலைல ஆறு மணி இருக்கும், முதல் டிரிப்புக்கு முன்னால வந்துட்டேன். பட்டறையில தனியா உட்கார்ந்து அதைத் தேய்ச்சுக்கிட்டிருந்தார். நான் கதவைத் தட்டப் போனா, 'உஷ், வீட்ல தூங்கறாங்க'ன்னு விரலை வாயில வச்சார்."

"தேய்ச்சாரா? எதை?"

"மெருகுதான். சின்னதா ஒரு துணி உருண்டையை வச்சுக்கிட்டு வட்டம் வட்டமா. ஒரு மணி நேரம் பார்த்துக்கிட்டே இருந்தேன். டிரிப்புக்கே லேட்டு."

"வேற யாரையாவது பார்த்திருப்பீங்க. அவருக்குத் துணி பிடிக்கவே வராது."

டிரைவர் அவளைப் பார்த்தார். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோமோ என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். "இருக்கும்மா, இருக்கும்" என்று எழுந்து தொப்பியைத் தேடினார்.

அவளும் எழுந்துவிட்டாள். "எங்கே போறே, ஆளுங்க வர்ற நேரத்துல?" என்று நாத்தனார் கேட்டாள். பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவருடைய மேஜைக்குக் கீழே மூன்று இழுப்பறைகள். ரம்பப் பல், பசை டப்பா, உளிகள். மூன்றாவதில், உப்புத்தாள் கட்டுக்குப் பின்னால், இறுக்கி மூடிய ஒரு கண்ணாடிச் சீசா இருந்தது.

திறந்ததும் ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியது. உள்ளே ஒரு துணிப் பொட்டலம், இன்னும் ஈரம் காயாமல். வெளியே எடுத்தாள். என்ன கட்டு இது! முறுக்கு இடது பக்கம் போக வேண்டியது வலது பக்கம் போயிருந்தது. அடியில் ஒரு மடிப்பு துருத்திக்கொண்டிருந்தது. யாரிடமும் கேட்காமல், தூர நின்று பார்த்தே கற்றுக்கொண்டவன் கட்டிய கட்டு.

அவள் சுவர்ப் பக்கம் போனாள். கொக்கியில் ஒரு கிட்டார் தொங்கியது. அவர் படுத்த பிறகு அவள் மெருகு போட்டது. அதன் பிறகு அவர் இந்த அறைக்குள் வந்ததே இல்லை. பல்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடி மாதிரி இருந்தது. என்ன குறை இதில்? கண்ணை மூடிக்கொண்டு மோதிர விரலை மெதுவாக ஓட்டினாள். ஓரத்தில் விரல் தடுக்கியது. ஒரு வரி. அப்புறம் இன்னொன்று. நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சொரசொரவென்று ஒரு திட்டு, துணி நின்று உரித்த இடம். கண்ணைத் திறந்தாள். கண்ணாடி மாதிரிதான் இருந்தது.

கதவைத் திறந்து மகனைக் கூப்பிட்டாள். அவன் வந்தான், அவள் கையிலிருந்த சீசாவைப் பார்த்தான், அங்கேயே நின்றுவிட்டான்.

"உனக்குத் தெரியுமா?"

"போன லீவுக்கு வந்தப்ப பார்த்தேம்மா."

"எத்தனை நாளா நடக்குது?"

"ரெண்டு வருஷம் இருக்கும்னார். உன் கண்ணு... நீ முடிச்சு வச்சதும், மறுநாள் விடியக்காலைல எழுந்து தப்பை எல்லாம் சரி பண்ணிடுவார். உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லிட்டார்."

"என் கண்ணு போனது பஸ் டிரைவருக்குத் தெரியும், உனக்குத் தெரியும். எனக்குத் தெரியக்கூடாது. அப்படித்தானே?" குரல் உயர்ந்தது. கூடத்தில் பேச்சு நின்றது. "நல்லா இருக்குடா உங்க நியாயம்! பல்பை மாத்துங்கன்னா மாத்தறார். மறுபடி மாத்துங்கன்னா மறுபடி மாத்தறார். 'ஏன்டி, பல்புல கோளாறு இல்லை, உன் கண்ணுலதான்'னு சொன்னா நான் என்ன, கடிச்சா முழுங்கிடுவேன்?"

"வேலையை விட்டுடுவேன்னு பயந்தார்."

"ஆமா, பெரிய பயம்." சீசாவை மேஜையில் வைத்தாள். வெறும் மரமாகக் கிடந்த கிட்டாரைப் பார்த்தாள். இதற்கு விடியற்காலையில் எழுந்து வர ஆள் கிடையாது. அது அவருக்குப் பதினாறு நாள் முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

இப்போது கேட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் எப்போதும் கேட்க முடியாது.

"காலைல என்னை எதுக்குக் கூப்பிட்டார்?"

"எதுக்குன்னு சொல்லலைம்மா. 'அம்மா எங்கே'ன்னார். கையில துணி இருக்குன்னு சொன்னேன்." மகன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். "'சரி சரி, முடிச்சுட்டு வரட்டும்'னார்."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவன் தண்ணீர் கொண்டுவரட்டுமா என்றான். வேண்டாம் என்றாள். வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டாள். நாலு மணிக்கு என்றான். சரி, நீ போ, அத்தை தேடுவாங்க என்றாள்.

மூன்றரை வரைக்கும் கூடத்தில் இருந்தாள். வந்தவர்களுக்கெல்லாம் தலையாட்டினாள். பிறகு யாரிடமும் சொல்லாமல் எழுந்து மறுபடி பட்டறைக்கு வந்தாள். சீசாவிலிருந்த பொட்டலத்தை அவிழ்த்து, முறுக்கை இடது பக்கமாக மாற்றி, அடியில் மடிப்பு இல்லாமல் நீவி, சரியாகக் கட்டினாள். "இதைக்கூடக் கேட்கக்கூடாதா என்கிட்ட?" என்று வாய்விட்டே திட்டினாள். திரும்பவும் சீசாவில் போட்டு மூடியை இறுக்கினாள்.

அலமாரியிலிருந்து எண்ணெய்ப் புட்டியை எடுத்தாள்.

வாசலில் நாத்தனாரின் தலை தெரிந்தது. "அடக் கடவுளே, இப்பவா? ஆளுங்க என்ன நினைப்பாங்க?"

"நினைக்கட்டும்க்கா. அரை மணி இருக்கு."

நாத்தனார் கூடத்துக்குத் திரும்பிப் போய்விட்டாள். அவள் மேஜையில் கிடந்த கிட்டாரைக் கவிழ்த்துப் போட்டாள். துணியில் எண்ணெயைத் தொட்டு, பின்பலகையின் ஓரத்திலிருந்து மெதுவாகத் தேய்த்தாள். தேய்த்த இடமெல்லாம் மரம் விழித்துக்கொண்டது, ரேகை ரேகையாக. அதைப் பார்க்கக் கண் தேவைப்படவில்லை, விரலுக்கே தெரிந்தது. திட்டு இல்லை, வரி இல்லை. அதிகமானதை வேறு துணியால் துடைத்தால் போதும். சின்னப் பிள்ளைகூடச் செய்யும். இதைத்தான் சோம்பேறி வேலை என்று அவரும் அவளும் சேர்ந்து சிரித்தார்கள்.

பாதிப் பலகை தாண்டியிருப்பாள். வெளியே வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கதவுகள் திறந்தன. நாற்காலிகளை ஒதுக்கினார்கள். கூடத்தில் குரல்கள் தாழ்ந்தன.

"அம்மா" என்று மகன் கூப்பிட்டான். "அப்பாவை எடுக்கப் போறாங்க."

வீடே அவள் பதிலுக்காக நின்றது. பழக்கத்தில் அந்தச் சொல் தொண்டைவரை வந்துவிட்டது. கையில் துணி இருந்தது, எண்ணெயில் ஊறி, பலகையின் நட்ட நடுவில்.

துணியை அங்கேயே விட்டுவிட்டு எழுந்தாள்.

"இதோ வந்துட்டேன்" என்றாள், உள்ளே இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி.