வண்டியைத் தொடாதீங்க

பாலைவன ஓர ஊரான ரிஸ்ஸானியின் சந்தையில் மிமூனுக்கு எப்போதும் பாதி கிளாஸ் தேநீர்தான் கிடைக்கும். ஊற்றுகிறவன் வேறு யாருமில்லை, அங்கே டீக்கடை வைத்திருக்கும் சொந்த மச்சான் ஹத்து. "பாதிவழி மிமூனுக்குப் பாதி கிளாஸ்" என்று அவன் நீட்டியதும் கடையே சிரிக்கும். பாலைவன மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் மிமூன் பெயர் கொடுக்காத ஆண்டு இல்லை, முடித்த ஆண்டும் இல்லை. ஒருமுறை கிளட்ச் கருகியது. ஒருமுறை தோள்பட்டை நழுவியது. போன வருடம் மணற்காற்றில் திசை தெரியாமல் ஒட்டகங்களோடு படுத்துக் கிடந்து ஹெலிகாப்டரில் திரும்பினான். கடையில் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து மனைவி இத்தோவிடம் எரிந்து விழுவான்.

"இந்தத் தடவையாவது முடிச்சிட்டு வா. இல்லேன்னா டீயை வீட்டுலயே குடி, எங்கண்ணன் கடைப்பக்கம் போகாதே" என்றாள் இத்தோ. "உன் மூஞ்சியப் பாக்கச் சகிக்கல."

இந்த முறை கடைசி நாள்வரை வந்துவிட்டான். பொழுது சாய்வதற்குள் பேரீச்சந்தோப்பு ஓரத்தில் கட்டியிருக்கும் கொடியைத் தாண்டினால் போதும். மிமூன் ஓட்டுவது மெக்கானிக் வைத்துக்கொள்ள முடியாதவர்களின் பிரிவு. அதில் ஒரு விதி உண்டு: கூட ஓட்டுகிறவர்களைத் தவிர வேறு எவர் கை வண்டியில் பட்டாலும் ஆட்டம் முடிந்தது. முந்தின நாள் விழுந்ததில் அவன் கணுக்கால் வீங்கியிருந்தது. டாக்டர் பார்த்தால் நிறுத்திவிடுவார் என்று பயந்து, பூட்ஸைக் கழற்றாமலே தூங்கி எழுந்து வந்திருந்தான்.

கைப்பிடியில் சுருட்டி வைத்த வழித்தாள், பிளந்த கருவேல மரத்தில் இடப்பக்கம் திரும்பச் சொன்னது. ஆனால் நேரே, வறண்ட ஆற்றுக்குள், புத்தம்புது டயர்த் தடம் ஒன்று போனது. தடத்தை நம்பாதே, தாளை நம்பு என்று பந்தயக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் எல்லோரும் தடத்தின் பின்னால்தான் போவார்கள், ஏனென்றால் தனியாக வழி தவறுவது போல் பயமுறுத்தும் விஷயம் உலகத்தில் இல்லை. மிமூனும் போனான். ஆற்றுமணல் மாவாக இளகியது. முன்சக்கரம் புதைந்து, வண்டி சாய்ந்து, வீங்கிய காலின் மேலேயே படுத்துக்கொண்டது.

படுத்த நிலையில் தூக்கிப் பார்த்தான். அசையவில்லை. டேங்க் மூடி வழியாக பெட்ரோல் சொட்டியது. தடத்தைப் போட்ட மகராசனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு கிழட்டு மொபெட் தடதடத்து வந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் கேன்கள். ஓட்டி வந்தது ஆடு மேய்க்கும் ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும்.

"அடப்பாவி! இரு, தூக்குறேன்."

"அக்கா, தொடாதீங்க! வண்டியத் தொடாதீங்க!"

"ஏன், ஷாக் அடிக்குமா?"

"தொட்டா என்னை வெளிய அனுப்பிருவாங்க."

"உள்ள இருந்துதான் என்னத்தக் கிழிச்சே? என் வண்டித் தடத்தப் பிடிச்சுக்கிட்டா வந்தே? நான் கிணத்துக்குப் போறவ, தம்பி!"

மிமூனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவள் இடுப்பில் கைவைத்து அவனைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"உன்னைத் தொடலாமா?"

"தொடலாம்."

"மண்ணு?"

மிமூன் யோசித்தான். மண்ணைப் பற்றி விதியில் ஒரு வார்த்தை கிடையாது.

அவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்டிபோட்டாள். வண்டியில் விரல் நுனிகூடப் படாமல், அவன் காலுக்கு அடியில் இருந்த மணலை வெறுங்கையால் தோண்டினாள். வாய் மட்டும் ஓயவில்லை. "பேரு இஜ்ஜா. ஆட்டுக்கு நோவு வந்தாலும் இதே கைதான். ஆடு இவ்வளவு சட்டம் பேசாது." குழி இறங்க இறங்கக் கால் தளர்ந்தது. அவள் அவன் கக்கத்தில் கைகொடுத்து இழுத்தாள். வெளியே வந்ததும் வலியில் கத்தினான். பிறகு ஒற்றைக்காலில் நின்று, தனியாக, மூன்றாவது முயற்சியில் வண்டியை நிமிர்த்தினான். நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை. கருவேல மரத்துக்குத் திரும்பி, இந்த முறை தாள் சொன்னபடியே போனான்.

கொடி கண்ணில் பட்டது. அந்த இடத்தில்தான் பெட்ரோல் தீர்ந்தது.

இறங்கித் தள்ளினான். பொழுது இறங்கி, வெயில் பேரீச்சமர உச்சிக்கு ஏறிவிட்டது. தோப்பை ஒட்டிய ஊர்க்காரர்களுக்கு, ஒருவன் வண்டி தள்ளும்போது கைகட்டி நிற்கத் தெரியாது. கிழவர்கள், பிள்ளைகள், ரொட்டிக்காரர் என்று திமுதிமுவென ஓடிவந்தார்கள். வேண்டாம் என்று கத்த வாய் திறந்தான். வறண்ட தொண்டையில் காற்றுதான் வந்தது. அவ்வளவுதான், இந்த வருடமும் போச்சு என்று நினைத்தபோது கண் நிறைந்துவிட்டது.

"எவனாவது வண்டியத் தொட்டீங்க, கையை ஒடிச்சிருவேன்!"

குறுக்கு வழியில் வந்த இஜ்ஜா மொபெட்டைக் கூட்டத்துக்கும் அவனுக்கும் நடுவே விட்டாள். நீட்டிய கைகள் அப்படியே நின்றன. "கையப் பின்னால கட்டு! ரொட்டிக்காரரே, உங்களுக்கும்தான்!" ஊரே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவன் இரண்டு பக்கமும் நடந்தது. கை கொடுக்க முடியாதவர்கள் குரல் கொடுத்தார்கள். "இழு தம்பி", "மூச்ச விடு", "இன்னும் கொஞ்சம்தான்டா" என்று ஆளுக்கொன்று. ஒவ்வொரு அடிக்கும் கணுக்கால் உயிரை எடுத்தது. முன்சக்கரம் கொடியைத் தாண்டியபோது மலைக்கு மேலே இன்னும் ஒரு கீற்று வெயில் மிச்சம் இருந்தது.

மிமூன் மண்ணில் சரிந்து உட்கார்ந்தான். ரிஸ்ஸானியிலிருந்து வந்து காத்திருந்த ஹத்து, விளிம்பு தட்ட ஊற்றிய கிளாஸை இரண்டு கைகளாலும் ஏந்தி வந்தான். கிண்டல் எதுவும் வரவில்லை. "குடி மச்சான்" என்றான்.

மிமூன் அதை வாங்கி இஜ்ஜாவிடம் நீட்டினான். அவள் கவனம் அதில் இல்லை. கைகளைப் பாவாடையில் துடைத்தபடி வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, இப்பத் தொடலாமா?"

"தொடுங்கக்கா."