ஜெர்மனில சொல்லுங்கோ அண்ணை

மூன்று கார்த்திகையாக என் பையில் இருபது மீற்றர் கயிறு கிடந்தது. தம்பித்துரையண்ணைக்காகத்தான் சுமந்தேன். அந்த மனுசனை நான் ஒரு நாளும் மறக்கவில்லை.

ஜெர்மனியில் எங்கள் ஊர் ஆறு ரைன் நதியில் போய்ச் சேர்கிறது. மழைக்குப் பிறகு தண்ணீர் ஏறிக் கலங்கினால், கடலிலிருந்து சாமன் (சால்மன்) மீன்கள் முட்டையிட மேலே வரும். அவற்றைப் பிடிக்கக் கூடாது. தவறித் தூண்டிலில் கொழுவினாலும் உடனே விடவேண்டும். மீன்பிடிச் சங்கத்தில் அது பெரிய குற்றம்.

மூன்று வருடத்துக்கு முந்தி ஒரு நாள் அண்ணை ஒன்றைப் பிடித்தார். எனக்கு இருபது வருடம் முந்தி இந்த நாட்டுக்கு வந்தவர். என்னைச் சங்கத்தில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். “நல்ல பெரிய ட்ரவுட் தங்கச்சி, இது பிடிக்கலாம். என்ர பை கிழிஞ்சு போச்சு, உம்மட பையில வையும். கார்ல வாங்கிறன்” என்றார். அண்ணை கேட்டால் எப்படி மாட்டேன் என்பது? வைத்தேன். இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டவேண்டும் போல இருக்கிறது.

பாலத்தடியில் ஆற்றுக் காவலர் பெக்கர் என் பையைத் திறக்கச் சொன்னார். அப்போது எனக்குத் தெரிந்த ஜெர்மன், கடையில் பாண் வாங்க மட்டும்தான் காணும். “அண்ணை, இது உங்கட மீன் எண்டு சொல்லுங்கோ” என்றேன். அண்ணை பெக்கரிடம் ஜெர்மனில் நீளமாக ஏதோ சொன்னார். பெக்கர் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

“ஓம் எண்டு தலையாட்டும், தங்கச்சி.”

ஆட்டினேன். சங்கத்திலிருந்து கடிதம் வந்தபிறகுதான் விளங்கியது: சாமனை நானே பிடித்து நானே ஒளித்தேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். என் மீன்பிடி அனுமதி அட்டை போய்விட்டது.

முதியோர் இல்லச் சமையலறையில் கிழமைக்கு ஆறு நாள் நின்று முறிகிறவள் நான். சனிக்கிழமை ஆறு ஒன்றுதான் எனக்கென்று இருந்தது. அதுவும் இல்லாமல் போக, கோயிலில் பெண்டுகள் ‘கள்ளச் சாமன் குமுதினி’ என்று பெயர் வைத்தார்கள். அண்ணை வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டே, “பிழைதான், மன்னிச்சுக்கொள்ளும்” என்றார். சங்கத்தில் வாயே திறக்கவில்லை. எங்கட ஆட்கள் சிலருக்கு இது வழக்கம். மன்னிப்பெல்லாம் தமிழில், மறுப்பெல்லாம் ஜெர்மனில்.

நான் மாலை வகுப்பில் சேர்ந்து ஜெர்மன் படித்தேன். ஒருவருக்கும் மூச்சுவிடவில்லை. ஆற்றையும் படித்தேன். ஆற்றின் மேல்பக்கத்து நீர்மட்ட அளவுகோலில் தண்ணீர் ஏறினால் இரண்டு மணித்தியாலத்தில் இங்கே ஏறும், போனிலேயே பார்க்கலாம். கலங்கல் தண்ணீரில் அண்ணை நடு ஆற்றுக் கல்மேட்டில்தான் நிற்பார். அதையும் பார்த்து வைத்திருந்தேன்.

போன சனிக்கிழமை மத்தியானம் அங்கேதான் நின்றார். பாலத்திலிருந்து பார்த்தேன். பையிலிருந்து ஒரு வால் நீட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் வருவது எனக்கு முதலே தெரியும். நான் கூப்பிட்டுச் சொல்லவில்லை. கல்மேடு மூடி, முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்த பிறகுதான் கரைக்குப் போனேன்.

“தங்கச்சி, கடவுளே எண்டு வந்தீர். கயிறு ஏதும் கிடக்கோ?”

“கிடக்கு அண்ணை. முதல்ல பெக்கருக்குப் போன் எடுங்கோ. ஸ்பீக்கரில போடுங்கோ. அண்டைக்கு அந்த மீன் ஆரின்ர எண்டு சொல்லுங்கோ.”

“நான்தான் பிழை. ஊர் முழுக்கச் சொல்லுறன், கயிறை எறியும்.”

“ஜெர்மனில சொல்லுங்கோ அண்ணை.”

“தண்ணி ஏறுது, பிள்ளை. எனக்கு நிக்க ஏலாது.”

ஏறவில்லை. மேல் அளவுகோலில் இறங்கத் தொடங்கி இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆகியிருந்தது. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. கயிற்றை மரத்தில் கட்டி, மற்ற நுனியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

போன் எடுத்தார். நடுங்கி நடுங்கிச் சொன்னார்: மீன் தன்னுடையது, அதை என் பையில் வைத்தவரும் நான் சொன்னதை மாற்றிச் சொன்னவரும் அவரேதான். ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன். அதன் பிறகு கயிற்றை எறிந்தேன்.

கரையேறியபோதும் அவர் நெஞ்சுப் பையில் பெக்கரின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. “உம்மேல் முறைப்பாடு செய்ய விரும்புகிறாரா என்று அந்தப் பெண்ணிடம் கேளும்” என்றார் ஜெர்மனில்.

அண்ணை என் பக்கம் திரும்பினார். “நடந்ததை மறந்து சமாதானமாப் போகட்டாம், தங்கச்சி.”

நனைந்து நடுங்குகிற நேரத்திலும் மாற்றித்தான் சொல்கிறார். இவ்வளவு நேரமும் மனத்தின் ஒரு மூலையில் கொஞ்சம் இரக்கம் கிடந்தது. அதோடு போய்விட்டது. போனை அவர் பையிலிருந்து எடுத்தேன்.

“என்னை நேரே கேளுங்கள், ஹெர் பெக்கர்” என்றேன், பிழையில்லாத ஜெர்மனில். “முறைப்பாடு செய்கிறேன். இவருடைய பையில் இப்போதும் ஒரு சாமன் இருக்கிறது.”

அண்ணை பையை முதுகுப்பக்கம் தள்ளினார். பெக்கர் அவரைக் கூப்பிட்டு, அது உண்மையா என்று கேட்டார். நான் போனை அண்ணையின் வாயருகே பிடித்தேன்.

“ஓம் எண்டு சொல்லுங்கோ, அண்ணை.”