தசரதன் குடோனில் இருந்த ஓவியங்கள்

லண்டனில் ஓவிய முதுகலைப் படிப்புக்கு அதீபாவுக்கு இடம் கிடைத்தது, உதவித்தொகை கிடைக்கவில்லை. அவள் அத்தா ஷேக் தாவூத், பூந்தமல்லியில் இருக்கும் தன் மெத்தைக் கடையையே விற்றாலும் கட்டணத்துக்குப் போதாது. அந்தச் சமயத்தில்தான் தசரதன் கூப்பிட்டு அனுப்பினார். அம்பத்தூர் எஸ்டேட்டில் தொழிற்சாலை நடத்துபவர். ஓவியம் படிக்கும் பிள்ளைகளுக்கு உதவுகிறவர் என்று பெயர். அதீபா சேர்க்கைக் கடிதத்தின் நகலை அவருக்கு அனுப்பிவிட்டுப் போனாள்.

தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு குடோன். சன்னல் இல்லை. ஏசியின் குளிரில் ஓவியங்கள் சுவர் பக்கம் திரும்பி நின்றன.

"நான் படிக்க வச்ச பசங்க வரைஞ்சதும்மா."

"யாரும் பாக்க மாட்டாங்களா சார்?"

"நான் பாக்கறேனே."

ஒன்றைத் திருப்பினார். மழையில் நிற்கும் மின்சார ரயில். அந்தக் கலங்கிய பச்சை, கல்லூரியில் அவளுக்கு மூத்தவளான ஹேமாவதியுடையது.

"ஹேமா அக்கா இப்ப எங்க சார்?"

"வேப்பம்பட்டுல. வரையறத உட்டுட்டா." படத்தின் தூசியைக் கைக்குட்டையால் மெதுவாகத் துடைத்தார். "நீ இதுவரைக்கும் வரைஞ்சதும் இனிமே வரையறதும் இங்க வந்துடணும். வெளிய காட்டக் கூடாது. அவ்ளோதான்."

யோசித்துச் சொல்வதாகக் கிளம்பினாள். பஸ்ஸில் ஏறியதும் ஹேமாவதிக்குப் போன் செய்தாள்.

"உன்னையும் கூப்ட்டாரா?" என்றாள் ஹேமாவதி. "மிரட்டவே மாட்டாருடி. ஆனா வரையறப்போ பின்னாடி நின்னுகினு இருக்கற மாரியே இருக்கும். ஒரு நாள் பிரஷ்ஷத் தொடவே கை வரல."

வீட்டு வாசலில் ஒரு மினி லாரி நின்றது. அவளுடைய ஓவியங்கள் பாதி அதில் ஏறியிருந்தன. அத்தாவுக்குச் சந்தோஷம் தாளவில்லை.

"காலேஜுக்கு முன்பணம் கட்டிட்டாராம்மா! படத்துக்கு வண்டியும் அனுப்பிகீறாரு. நல்ல மனுஷன்!"

"நான் சரின்னே சொல்லலயே அத்தா."

அவள் படங்களை இறக்கத் தொடங்கினாள். மகளின் முகத்தைப் பார்த்த தாவூத், வேறெதுவும் கேட்காமல் பெரிய படத்தின் மறுமுனையைப் பிடித்தார்.

இந்த வருடம் வரவில்லை, பணத்தைக் கட்டியவருக்கே திருப்பிவிடுங்கள் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிவிட்டு அழுதாள்.

மறுநாள் காலை தசரதன் பேசினார். குரலில் கோபமே இல்லை.

"பரவால்லம்மா. அடுத்த வருஷமும் அப்ளை பண்ணுவ இல்ல? எந்த காலேஜ்னு மட்டும் சொல்லு."

அடுத்த முறை விண்ணப்பித்தபோது, எந்த ஊர் என்று அவள் அத்தாவிடம்கூடச் சொல்லவில்லை.