பாதிக் கல்லறை

கிளாட்வின் தன் போனை மேசைமேல் வைத்துத் தேர்தல் அதிகாரியின் பக்கம் தள்ளினான். திரையில் ஒரு கல்லறை. இடது பாதியில் ஜூடி, பிறந்த தேதி, இறந்த தேதி. வலது பாதியில் வினோத், பிறந்த தேதி. அதற்குக் கீழே வெறும் கல்.

"தென்காசி தனித் தொகுதி சார். பட்டியல் சாதிச் சான்றிதழ் வேணும். மதம் மாறினவருக்கு அது செல்லாது. இவரு கல்லறைத் தோட்டத்துல இடமே பிடிச்சு வச்சிருக்காரு."

வேட்புமனுப் பரிசீலனைக்கு வந்திருந்த மற்ற கட்சிக்காரர்கள் சிரித்தார்கள். "ஜெயிச்சா டெல்லி, தோத்தா இங்கயா?" என்றார் ஒருவர்.

வேட்பாளர் வினோத் திரையிலிருந்த தன் பெயரைப் பார்த்தான். கிளாட்வின் அவன் மனைவி ஜூடிக்குச் சித்தி மகன். பதினான்கு மாதங்களுக்கு முன் அவளுடைய பெட்டியின் தலைப்பக்கத்தைத் தோள் கொடுத்துத் தூக்கியவன். இப்போது பெரிய கட்சி ஒன்றின் வக்கீல்.

மறுநாள் பதினொரு மணிக்குள் பதில் தரச் சொல்லி அதிகாரி கோப்பை மூடினார்.

வினோத் அரசியலுக்குப் பிறந்தவன் அல்ல. நூல் மில்லில் சூப்பர்வைசர். ராஜபாளையத்தில் ரயில்வே கேட் மூடிக் கிடந்தபோது ஆம்புலன்ஸுக்குள் ஜூடி இருந்தாள். முதலில் ஒரு சரக்கு ரயில். அது போனதும் எதிர்த்திசையில் ஒரு பாசஞ்சர். கேட் திறந்தபோது அவள் இல்லை. பாலம் வேண்டுமென்று அவன் மனு கொடுத்த இடங்களில் எல்லாம், அது எம்.பி. பார்க்க வேண்டிய வேலை என்றார்கள். சரி, அந்த வேலைக்கே போகிறேன் என்றான். பெரிய கட்சிகள் இரண்டும் வாசலிலேயே நிறுத்தின. தையற்கடை மாடியில் ஒரே அறையில் நடக்கும் உழைப்போர் பேரவை மட்டும் சீட்டுக் கொடுத்தது. அதன் மாவட்டச் செயலாளர் வெள்ளத்தாய்.

அன்று சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் வெள்ளத்தாய் ஒரு பிரமாணப் பத்திரத்தை நீட்டினார்.

"ஒரு வரிதான் தம்பி. அந்தக் கல்லுல பேரு வெட்டுனது எனக்குத் தெரியாது, என் மாமியார் அவிய இஷ்டத்துக்குச் செஞ்சதுன்னு."

"வெட்டச் சொன்னது நான்."

"ஞானஸ்நானம் எடுத்தியளா?"

"இல்ல."

"அப்ப நீங்க கிறிஸ்தவர் இல்லங்கிறது உண்மை. அந்த உண்மைய நிக்க வைக்க ஒரு முட்டுக் கம்பு வேணும்லா. நாளைக்கு அதிகாரிகிட்ட நிசத்தச் சொல்லிட்டு வீட்டுக்குப் போயிரலாம். ரயில்வே கேட்டு அங்கனயேதான் கெடக்கும்."

ஜூடியின் தேவாலயச் சபையில் ஒரு வழக்கம். கணவன் மனைவியில் ஒருவர் முந்திப் போனால் மற்றவருக்குப் பக்கத்துப் பாதியை ஒதுக்கிப் பெயரையும் வெட்டி வைத்துவிடுவார்கள். சபையில் சேராதவனுக்குக் கிடையாது என்று கமிட்டி மறுத்தது. பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள் என்பதற்காக மூன்று வருஷம் அவனை வீட்டுப்படி ஏறவிடாத மாமியார் கிருபாபாய், அன்று கமிட்டி முன் எழுந்து நின்றார். "என் மருமகன் சபைக்கு வந்துருவாரு. நான் கையெழுத்துப் போடுதேன்." போட்டார். எப்போது வரப்போகிறீர்கள் என்று பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை.

வினோத் பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டான்.

மறுநாள் ஆட்சேபம் தள்ளுபடியானது. வராந்தாவில் கிளாட்வின் வழி மறித்தான்.

"பெரியம்மாவ நல்லா வித்துட்டிய அத்தான்."

"போட்டோ எடுத்தவன் நீ."

"நான் கல்லத்தான் எடுத்தேன். பழிய அவிய தலையில வச்சது நீங்க."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவதற்குள் அந்தப் பத்திரம் சபையார் எல்லோருடைய போனிலும் இருந்தது. கமிட்டி கிருபாபாயை விசாரணைக்கு அழைத்தது.

வியாழக்கிழமை பிரச்சார ஆட்டோ ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனது. மடவார் வளாகம் தாண்டியதும் வினோத் டிரைவரிடம் வழி சொன்னான். கல்லறைத் தோட்டத்து வாசலில் இறங்கும்போதே உளிச்சத்தம் கேட்டது.

கிருபாபாய் குடை பிடித்து நின்றிருந்தார். கொத்தனார் குத்தவைத்து உட்கார்ந்து வலது பாதியைக் கொத்திக்கொண்டிருந்தார்.

"வாங்க வேட்பாளரே" என்றார் கிருபாபாய்.

"அத்தை..."

"உங்களுக்குத் தெரியாம வெட்டுன பேருல்லா. எடுத்துர வேண்டாமா?"

"கமிட்டியில என்ன கேட்டாங்க?"

"எல்லாரு முன்னாலயும் நிக்க வச்சுக் கேட்டாவ. ஒரு மனுசன் பேர அவருக்கே தெரியாமக் கல்லுல வெட்டுனியளான்னு. ஆமான்னுட்டேன்."

வினோத் அவர் முகத்தைப் பார்த்தான். அவர் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொறவு என்ன சொல்ல? இல்லன்னு சொன்னா உங்க சீட்டு போயிரும்லா. எம்மவ செத்த கேட்டுக்காகப் போறிய. போங்க. இங்க வராதிய."

கொத்தனார் தூசியை ஊதினார். "பேர எடுத்தாச்சும்மா. தேதி?"

கிருபாபாய் குடையைச் சற்றுத் திருப்பி வினோத்தைப் பார்த்தார்.

"எடுங்க" என்றான்.

உளி மறுபடி விழுந்தது. மதிலுக்கு வெளியே ஒலிபெருக்கி அவன் பெயரை நீட்டி முழக்கிக்கொண்டிருந்தது. உங்கள் வீட்டுப் பிள்ளை, உங்கள் பொன்னான வாக்கை.

"அதச் செத்த நேரம் நிறுத்தச் சொல்லுங்க" என்றார் கிருபாபாய். "இங்க யாருக்கும் ஓட்டு கெடையாது."

ராஜபாளையம் திரும்பியபோது கேட் மூடியிருந்தது. பஸ், லாரி, டூவீலர் எல்லாம் வெயிலில் முட்டிக்கொண்டு நின்றன. வெள்ளத்தாய் அங்கே காத்திருந்தார். கேட் மூடும் நேரத்தில்தான் கூட்டம் ஓடாமல் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். மைக்கைக் கையில் கொடுத்தார்.

"பேரச் சொல்ல வேண்டாம் தம்பி. ஜூடின்னாலே மறுபடி தோண்டுவானுவ. எம் மனைவின்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

வினோத் ஆட்டோவின் படியில் ஏறி நின்றான். வழக்கமாகப் பேசும் பேச்சு அவனுக்கு மனப்பாடம். பாலம், மனு, எம்.பி. அதில் ஒன்றும் வாயில் வரவில்லை.

"இந்தக் கேட்டுல ஜூடி செத்தா" என்றான். "என் பொண்டாட்டி. அவ பேரு ஜூடி."

வெள்ளத்தாய் மைக்குக்குக் கையை நீட்டினார். அவன் கொடுக்கவில்லை.

"அவளுக்குப் பக்கத்துல என் பேர வெட்டச் சொன்னது நான். எங்க அத்தை இல்ல."

"எந்த ஜூடி?" என்றான் பைக்கில் இருந்த ஒருவன்.

அதற்குள் பாசஞ்சர் கடந்துபோய்விட்டது. கேட் மேலே எழுந்தது. எல்லா ஹாரன்களும் ஒன்றாக அலறின. கேட்டவன் பதிலுக்கு நிற்கவில்லை.