போச்சா?

1
இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை மறைத்துப் பிரயோஜனமில்லை. ஒரு குழந்தைக்கு நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை, அங்கிருந்துதான் வந்தது. நாகரிகமாக ஆரம்பிக்க மூன்று தரம் முயன்றேன். 'இஸ்ஃபரா சந்தையில் காலை வெயில் மெல்ல—' வெயிலுக்கும் பிள்ளையின் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம்? அடித்துவிட்டேன்.

2
எங்கள் இஸ்ஃபரா சந்தையில் இக்ரோம் என் பக்கத்துக் கடைக்காரன். இருவரும் விற்பது உலர்ந்த ஆப்ரிகாட். அவனுடையது நிறம் மங்காமலிருக்கக் கந்தகப் புகை போட்டுப் பொன்னாக மின்னும். என்னுடையது வெறும் வெயிலில் காய்ந்து, பழைய செருப்புத் தோல் மாதிரி கறுத்துக் கிடக்கும். தான் புகையே போடுவதில்லை என்று சத்தியம் செய்து என் வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேரை இழுத்துவிட்டான். (இதை முதலிலேயே சொல்வது, நீங்கள் என் பக்கம் சாயட்டும் என்றுதான். வியாபார புத்தி.)

3
அவன் மகன் ஃபிர்தவ்ஸுக்கு ஏழு மாதம். கெட்டியான அரிசிக் கஞ்சி ஊட்டத் தொடங்கியிருந்தார்கள். கூடவே, எங்கள் எல்லார் வீட்டிலும்போல, கரண்டி கரண்டியாகத் தேநீர். வயிறு கல்லாகிவிட்டது. நர்ஸம்மா தேநீரை அடியோடு நிறுத்தச் சொன்னாள். கஞ்சியைக் குறைத்து, ஆறிய வெந்நீர் கொஞ்சம் கொடுத்து, வயிற்றைத் தடவி, கால்களைச் சைக்கிள் மிதிப்பதுபோல் மடக்கி நீட்டச் சொன்னாள். ஆப்ரிகாட்டை வேகவைத்து மசித்து ஊட்டலாம், ஆனால் புகை போடாததாக இருக்கட்டும் என்றாளாம்.

4
முதல் வரைவில் அவன் கேட்குமுன்பே அள்ளிக் கொடுத்தேன். பொய். நடந்தது இது.

"அண்ணே, கறுப்புல அரைக் கிலோ."

"உன் கடைல மலை மாதிரி குவிஞ்சிருக்கே தம்பி?"

"புள்ளைக்குண்ணே."

"புள்ளைக்குன்னா உன் சரக்கு ஏன் ஆகாது? அதைக் கடை வரிசைக்கே கேக்கற மாதிரி சொல்லிட்டு எடுத்துக்கோ."

இரட்டை விலை தருவதாகச் சொன்னான். நான் சாக்கின் வாயைக் கட்டுவதுபோல் பாவனை செய்தேன். அவன் பின்னால் அவன் மனைவி ஸுலய்ஹோ. அவள் தோளில் பிள்ளை முகம் சிவந்து, முஷ்டி இறுகி, முக்கி முக்கி அழுதது. கடைசியில் அவன் சொன்னான். காதில் விழவில்லை என்றேன். மறுபடி சொன்னான், தன் சரக்கு புகை போட்டது என்று. வரிசையே சிரித்தது. நானும்தான்.

ஸுலய்ஹோ பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள்.

"புகை போட்டது இவரு. புள்ள என்னண்ணே பண்ணுச்சு?"*

* இங்கே என் பதிலாக ஒரு வரி வைத்திருந்தேன். சாமர்த்தியமான வரி. எழுதும்போது தோன்றியது, அன்றைக்குச் சொன்னதல்ல. எடுத்துவிட்டேன்.

5
எழுதிப் பார்த்த ஒரு முடிவில், இரண்டு கரண்டி மசியல் உள்ளே போக, பிள்ளை மூன்று துணியை நாசம் செய்து சிரிக்கிறது. இன்னொன்றில் ஆஸ்பத்திரி வாசலில் இக்ரோம்—

வேண்டாம்.

மூன்று நாளாக அவன் கடைமேல் போர்த்திய துணி அப்படியே இருக்கிறது. வீடு பக்கத்துத் தெருதான். ஒரே வார்த்தை கேட்டால் போதும்: போச்சா? நாற்பது வருஷமாகப் பேரம் பேசிப் பிழைத்தவனுக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. அதனால்தான் உங்களிடம் இத்தனை வார்த்தை. நீங்கள் அந்தப் பக்கம் போனால் கேட்டு வாருங்கள். நான் அனுப்பியதாகச் சொல்லாமல்—

இல்லை. நான் கேட்டதாகவே சொல்லுங்கள்.