பொத்தானில்லாப் பாவாடை

லண்டனிலிருந்து தந்தி வந்த அன்று இரத்தோட்டைக் கடைத்தெருவில் ஒருவருக்கும் வேலை ஓடவில்லை. தையற்கடை அப்துல் ஸமதின் மகள் ஜெஸீமாவுக்கு வந்த தந்தி. கொடுத்த தபாற்காரரும் போகாமல் நின்றார்.

"என்னவாம்?" என்றார் வாப்பா, மெஷினை நிறுத்தாமல்.

"நடந்தா கழண்டு உழுகுதாம், வாப்பா."

"எது?"

"பாவாட."

மெஷின் நின்றது. "ஒண்டா?"

"பன்னெண்டும்."

தபாற்காரர் மெல்லப் படியிறங்கினார். அவர் சந்தியைத் தாண்டுமுன் ஊருக்கே தெரிந்துவிடும்.

கொழுந்தெடுக்கப் போகும் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் சேலைக்கு மேல் சாக்குப் படங்கைச் சுற்றிக்கொள்வார்கள் அல்லவா? அந்தச் சுற்றைப் பார்த்துத்தான் கைத்தறித் துணியில், பொத்தானோ கொக்கியோ நாடாவோ இல்லாத பாவாடையை ஜெஸீமா வெட்டினாள். தோட்டத்துத் துரையின் மனைவி அதில் ஒன்றைப் பெட்டியில் வைத்து எடுத்துப்போய், லண்டனில் உடுப்புக்கடை வைத்திருந்த தங்கையிடம் காட்டினாள். தங்கை பன்னிரண்டு கேட்டாள். 'பொத்தானில்லாப் பாவாடை' என்று காட்சிக்கு அழைப்பிதழும் அடித்துவிட்டாள். லண்டன்காரி வேண்டாம் என்றால், வரைந்த காகிதங்களை அடுப்பில் போட்டுவிட்டுப் பள்ளிக்கூட யூனிபோம் தைக்க உட்காருவதாக ஜெஸீமா வாப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். காட்சிக்கு இன்னும் மூன்றே வாரம்.

மறுநாள் தோட்டத்துக்குப் போக எல்கடுவ பஸ்ஸில் ஏறினாள். பாவாடைகளை உடுத்தி ஒத்துப்பார்த்ததெல்லாம் கொழுந்தெடுக்கும் பாப்பம்மாவின் இடுப்பில்தான். அதுவும் மத்தியானம், கொழுந்து நிறுக்கும் வரிசையில் அவள் நிற்கும்போது. வேறு நேரம் அவளுக்கு ஏது?

விஷயத்தைக் கேட்ட பாப்பம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் இடுப்பில் ஒருநாளாவது நழுவியதா என்று கேட்டாள். கூடையை இறக்கினாள், ஜெஸீமா கொண்டுவந்த பாவாடையைச் சேலைக்கு மேல் சுற்றினாள், நுனியைப் பின்னிடுப்பில் செருகினாள், விறைப்பாக நடந்தாள். பத்தாவது எட்டில் பாவாடை கங்காணியின் காலடியில் கிடந்தது. கங்காணி அவசரமாக வானத்தைப் பார்த்தார். வரிசை முழுக்கச் சிரிப்பு.

பாப்பம்மா விடவில்லை. பாவாடையை மறுபடி சுற்றி, கூடையை முதுகில் ஏற்றிக்கொண்டு மலையுச்சிவரை போய்த் திரும்பினாள். துணி அணுவளவும் நகரவில்லை.

"கூடைதானே தங்கச்சி செருகல அமுக்கிப் புடிச்சிருக்கு? அந்தப் பொம்பளைங்க கூடை போடலியா?"

ஜெஸீமா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கூடை இல்லாத பாப்பம்மாவை அவள் ஒருநாளும் அளந்ததில்லை.

இரண்டு கொக்கி வைத்துத் தொலை என்றார் வாப்பா. அழைப்பிதழில் என்ன அடித்திருக்கிறது என்று மகள் கேட்டாள். அந்த வாரமே பன்னிரண்டு கொழுந்துக் கூடைகள் விமானத்தில் ஏறின.

அடுத்த தந்தியைத் தபாற்காரர் வழியிலேயே உரக்கப் படித்துக்கொண்டு வந்தார். எல்லாம் விற்றுப்போயின. இன்னும் இருநூறு வேண்டும். கூடையோடு.

பிறகு பாரிஸ், நியூயோர்க். ஜெஸீமா விமானம் ஏறிப்போய்க் காட்சி வைத்தாள். யூனிபோம் தைக்கும் வேலையை வாப்பா தானே செய்தார்.

திரும்பி வந்ததும் படம் போட்ட பத்திரிகையைப் பாப்பம்மாவிடம் காட்டினாள். பாப்பம்மா வரிசையில் நின்றபடி, படத்தில் கூடை போட்டிருந்த பெண்களை எண்ணிப் பார்த்தாள்.

"இத்தன பேரும் எத்தன றாத்தல் கொழுந்து எடுத்தாங்க?"

"ஒண்டும் எடுக்கல்லக்கா. சும்மா நடந்தாங்க."

"வெறுங்கூடையோடயா?" பாப்பம்மா பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்தாள். "இங்கன்னா அரைநாள் சம்பளங்கூடப் போடமாட்டாங்களே."

தராசு காலியானது. அவள் கூடையோடு முன்னால் நகர்ந்தாள்.